தவிடு கொடுத்து வாங்கிய பிள்ளை

பே கோபுரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் லாட்ஜில் அறிவுச்செல்வன் மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். சாவி கொடுப்பது, மோட்டார் போடுவது, வெந்நீர் வரவில்லை என்று கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்துவது, பௌர்ணமியன்று வாசலில் நின்று "ரூம் இல்லீங்க, ரூம் இல்லீங்க" என்று தொண்டை வற்றச் சொல்வது, எல்லாம் அவன்தான். ஆனால் ஒரு விஷயத்தில் கறாரான ஆள் என்று பேர் வாங்கியிருந்தான். அடையாள அட்டை இல்லாமல் யாருக்கும் அறை தரமாட்டான். கைக்குழந்தையோடு வந்து நின்றாலும் சரி, மந்திரிக்கு மச்சான் என்றாலும் சரி, "ஆதார் குடுங்க" என்பான். "மலை சுத்த வந்தவன் ஆதாரையா தூக்கிக்கினு வருவான்?" என்று சண்டைக்கு வருவார்கள். "நீங்க நீங்கதான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்பான். அப்படிக் கேட்பதில் அவனுக்கு ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது, மறைப்பானேன். அதே கேள்வியை ஒருநாள் தன்னிடமும் கேட்பார்கள் என்று அவன் நினைத்ததில்லை.

அவன் மனைவி சிந்துஜா நர்சிங் படித்தவள். இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. மனுப் போட்டபோது, புருஷனும் பிள்ளையும் பின்னாலேயே போகலாம் என்று சட்டம் இருந்தது. விசா கைக்கு வருவதற்குள் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இனி அந்த வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டி வரக்கூடாதாம். அப்புறமும் ஏன் போனாள் என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். சிந்துஜாவின் அப்பாவுக்கு வேலூரில் டயாலிசிஸ் நடக்கிறது. மகள் சம்பளம் நின்றால் அதுவும் நின்றுவிடும். கேட்கிறவர்களா வந்து கட்டப் போகிறார்கள்?

மகள் கவிநிலா அப்போது பால்குடி மறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. விமான நிலையத்தில் அவள் அம்மாவுக்கு டாட்டா காட்டினாள். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்மா சாயங்காலம் வந்துவிடுவாள் அல்லவா, அந்தக் கணக்கில் காட்டிய டாட்டா. அது இன்னும் சிந்துஜாவின் போனில் வீடியோவாக இருக்கிறது. அவள் அதை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி பார்க்கவில்லை என்றாள்.

குழந்தையை அறிவின் அக்கா கஸ்தூரி ஏற்றுக்கொண்டாள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக மோர், சுண்டல் கடை போட்டிருப்பவள். அறிவு லாட்ஜிலிருந்து சாயங்காலம் பைக்கில் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவான். போகும்போதெல்லாம் குழந்தை கஸ்தூரியின் இடுப்பிலோ கடைப் பலகையிலோ இருக்கும். குறை ஒன்றும் சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

வழி ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவள் சிந்துஜாதான். அவளோடு வேலை பார்த்த தென்னாப்பிரிக்கப் பெண் ஒருத்தி, தன் பாட்டி இங்கிலாந்தில் பிறந்தவள் என்பதைக் காட்டியே விசா வாங்கி, பிள்ளைகளோடு வந்திருந்தாள். சிந்துஜா போய் அந்த விதியை எழுத்து விடாமல் படித்தாள். தாத்தா பாட்டியில் ஒருவர் அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும். அந்த நாட்டில் பதிவான கப்பலில் பிறந்திருந்தாலும் செல்லும். அன்றைக்கு அவள் போனில் போட்ட கூச்சலில் லாட்ஜ் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த சாமியார் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க, உங்க தாத்தா கப்பல்லதானே பொறந்தாரு? தவுட்டுத் தாத்தா!"

அறிவின் தாத்தா கண்ணாயிரம் கப்பலில் பிறந்தவர் என்பது கீழ்பென்னாத்தூருக்கே தெரியும். அவர் அங்கே மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தவர். கண்ணாயிரம் என்று கூப்பிட்டால் அவரே திரும்பமாட்டார். தவுடு என்றால்தான் திரும்புவார். அந்தக் கதையை எந்தக் கல்யாண வீட்டிலும் அவரைச் சொல்லவைத்துக் கேட்பார்கள். அவர் போன பிறகு அறிவு சொல்லத் தொடங்கினான். நன்றாகவே சொல்வான்.

யுத்தகாலம். ரங்கூனில் குண்டு விழுகிறது. அரிசி மில்லில் வேலை பார்த்த கொள்ளுத்தாத்தாவுக்குக் கப்பலில் ஓர் இடம்தான் கிடைத்தது. நிறைமாதக் கர்ப்பிணியான பெண்டாட்டி எல்லம்மாளை ஏற்றிவிட்டு, "நான் நடந்து வந்துடறேன்" என்றார். சொன்னபடி நடந்தே வந்தும் சேர்ந்தார், எலும்பும் தோலுமாக. கப்பலின் மேல்தளத்தில் ஜனங்கள் மூட்டைகளோடு மூட்டையாகக் கிடந்தார்கள். எல்லம்மாளுக்குப் பக்கத்தில் திருவண்ணாமலைக்காரப் பாய் ஒருவர். ரங்கூனில் மெத்தை தைத்தவர். தாயில்லாத மகள் ரஹமத்தையும், கூடையில் ஒரு சண்டைச் சேவலையும், அதற்குத் தீனியாக ஒரு டப்பா தவிட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நடுக்கடலில் நாலு புடவையைச் சுற்றிப் பிடித்து எல்லம்மாளுக்குப் பிரசவம் பார்த்தார்கள்.

ஆண் குழந்தை. ஆனால் எல்லம்மாள் அதைத் தொட மறுத்துவிட்டாள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பேர் வைப்பதற்கு முன்பே ரங்கூனில் புதைத்தவள் அவள். அப்படிப்பட்டவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையை வேறொரு பெண்ணின் மடியில் போட்டுவிட வேண்டும். யார் கேட்டாலும் அது அவள் பிள்ளைதான். பெற்றவள் தன் பிள்ளை என்று வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. ஊர் மண்ணை மிதித்த பிறகு ஒரு கை தவிடு கொடுத்து அதை வாங்கிக்கொள்ளலாம். தவிட்டுக்கு வாங்கிய சரக்கைத் தேடி எமன் வரமாட்டான் என்று நம்பிக்கை. ரஹமத் மடியை விரித்தாள். பால் கொடுக்கும் நேரம் போக, வழியெல்லாம் குழந்தை அவளிடம்தான் இருந்தது.

மறுநாள் வெள்ளைக்கார ஆபீசர் ஒருவன் நோட்டோடு வந்தான். கூடவே மொழி தெரிந்த கப்பல் ஆள் ஒருவன். யார் பிள்ளை என்று கேட்டான். எல்லம்மாள் ரஹமத்தைக் கைகாட்டினாள். "எம் புள்ளதான்" என்றாள் ரஹமத். ஆபீசர் எழுதிக்கொண்டு போய்விட்டான். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதும் எல்லம்மாள் சேவல் டப்பாவிலிருந்தே ஒரு கை தவிட்டைக் கேட்டு வாங்கி, பாயின் மகளிடமே கொடுத்துப் பிள்ளையை வாங்கினாள். "எமனையும் ஏமாத்தினோம், வெள்ளைக்காரனையும் ஏமாத்தினோம், ஏமாறாம நின்னது அந்தச் சேவல் ஒண்ணுதான். அது பங்குக்குத் தவுடு கம்மியா போச்சின்னு கத்திச்சாம்" என்று கண்ணாயிரம் முடிப்பார். பந்தியே சிரிக்கும்.

ரஹமத் பிறகு திருவண்ணாமலையில் கல்யாணம் செய்துகொண்டாள். வெகு காலம் கழித்து அவளுக்கு மகனாக நசீர் அகமது பிறந்தார். கண்ணாயிரம் கடைசிவரை ரஹமத்தை அம்மா என்றுதான் கூப்பிட்டார். அவர் கல்யாணத்தில் அவளுக்கும் தாய்க்குரிய சீலை எடுத்தார்கள். நசீருக்கு அவர் அண்ணன். அந்த முறையில் அறிவுக்கு நசீர் அகமது சின்ன தாத்தா. ரம்ஜானுக்கு அங்கிருந்து கஞ்சி வரும், பொங்கலுக்கு இங்கிருந்து பானை போகும்.

இத்தனை முறை இந்தக் கதையைச் சொன்னவன், அந்த ஆபீசர் நோட்டில் என்ன எழுதிக்கொண்டு போனான் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. யாரும்தான் யோசிக்கவில்லை.

போளூர் ரோட்டில் விசாவுக்கு எழுதிக்கொடுக்கும் தசரதன் எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார்: "கப்பல்ல பொறந்தாருன்னு வாயால சொன்னா ஆச்சா? காயிதம் வேணும்." தாத்தாவின் பள்ளிக்கூடச் சான்றிதழில் பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூர் என்று இருந்தது. சேர்த்துக்கொண்ட வாத்தியார், எந்த ஊர் என்று கேட்டதையே பிறந்த ஊராக எழுதி, தேதிக்கு ஜூன் ஒன்று போட்டிருந்தார். அந்தக் காலத்தில் பாதி ஜனம் ஜூன் ஒன்றில் பிறந்ததுதான். கடலில் பிறந்தவர்களின் பதிவெல்லாம் இங்கிலாந்தில்தான் இருக்கும் என்றார் தசரதன். சிந்துஜா தன் விடுமுறை நாட்களையெல்லாம் அதற்கே கொடுத்தாள். எழுதினாள், காத்திருந்தாள், வேறு இடத்துக்கு எழுதச் சொன்னார்கள், எழுதினாள். குளிர்காலம் போய் மறுபடி குளிர்காலம் வந்தது.

ஒருநாள் மத்தியானம் வீடியோவில் வந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. கையில் ஓர் உறை.

"வந்துடுச்சிங்க! கப்பல் பேரு இருக்கு, தேதி இருக்கு, ஆண் குழந்தைன்னு இருக்கு. நம்ம தாத்தாதாங்க! இருங்க, படிக்கிறேன்..."

படித்துக்கொண்டே வந்தவள் நின்றாள். அவள் கண் ஒரே இடத்தில் நிற்பதை அவன் பார்த்தான்.

"அம்மா பேரு ரஹமத்னு போட்டிருக்குங்க" என்றாள்.

அறிவுக்குச் சிரிப்புகூட வந்தது. பந்தியில் சிரித்த அதே சிரிப்பு, பழக்கதோஷத்தில் வாய்வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

தசரதன் அந்தக் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். "இது ரஹமத்தம்மா புள்ளக்கி சர்ட்டிபிகேட். உங்க தாத்தாவுக்கு இல்ல."

"அவருதாங்க அந்தப் புள்ள. நடந்தத நடந்தபடி எழுதிடலாமே."

"இன்னான்னு எழுதறது? எமனை ஏமாத்தறதுக்காகப் பொய் சொன்னோம்னா? அங்க உக்காந்திருக்கிற ஆபீசர் எமனை எங்க கண்டான்?" தசரதன் சிரிக்கவில்லை. நல்ல மனுஷர்தான். காகிதத்தை மறுபடி படித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒரு வழி இருக்குது. அந்தம்மாதான் பெத்தாங்க, எல்லம்மா தத்து எடுத்தாங்கன்னு போடலாம். இந்தப் புள்ளயும் உங்க தாத்தாவும் ஒரே ஆளுன்னு ஆயிடும். அந்தம்மா புள்ள இருக்காருல்ல? எங்கம்மா கப்பல்ல ஒரு புள்ளயப் பெத்து அவங்ககிட்ட குடுத்துட்டாங்கன்னு அவரு நோட்டரி முன்னால சத்தியம் பண்ணி எழுதித் தரணும்."

"அது பொய்யாச்சேங்க."

"அந்தக் காயிதமே பொய்தானே, அறிவு. பொய்க்குப் பொருத்தமா ஒரு பொய். அதுக்கும் விசா வரும்னு நான் கேரண்டி குடுக்க மாட்டேன். ஆனா இத வுட்டா வேற வழி இல்ல."

அவரே வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தார். அறிவு அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் அலைந்தான். சிந்துஜா தினமும் கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது; அவளுக்கு அதுதான் வாசல். ஐந்தாம் நாள் சின்னக்கடைத் தெருவில் நசீர் அகமதுவின் மெத்தைக் கடைக்குப் போனான்.

"வா நைனா, வா" என்று பஞ்சு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார் நசீர். கல்லாவில் அவர் பேத்தி தஹ்சீன். கல்லூரியில் படிக்கிற பெண். அறிவு முதலில் இங்கிலாந்துக் காகிதத்தைக் கொடுத்தான். கிழவர் அதை வாங்கிக் கண்ணுக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டுப் பேத்தியிடம் நீட்டினார்.

"கப்பல் பேரு... ஆண் குழந்தை... தாய் ரஹமத், வயது பதினேழு" என்று தமிழில் படித்தாள் தஹ்சீன்.

"அம்மா பேரா? எங்க, காட்டு." பேத்தி விரல் வைத்த இடத்தை அவரும் விரலால் தொட்டார். "பதினேழா அப்போ? எனக்கே இப்பத்தான் தெரியுது. அம்மாவுக்கு ஒரு போட்டோ இல்ல, ரேஷன் கார்டுல பேரு ஏர்றதுக்குள்ள மவுத்தாயிட்டாங்க. பாத்தியா நைனா, வெள்ளைக்காரன் எழுதி வச்சிருக்கான்!" அடுத்த கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டப் போனவரை அறிவு கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

வந்த விஷயத்தை எப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. முன்னும் பின்னுமாகச் சொன்னான். கவிநிலாவைச் சொன்னான், தசரதன் சொன்னதைச் சொன்னான், இரண்டாவது காகிதத்தை எடுத்து வைத்தான். தஹ்சீனுக்கு முதலில் புரிந்தது. அவள் முகம் மாறியது. கல்லா இழுப்பறையைப் படாரென்று தள்ளிச் சாத்தினாள்.

நசீர் மெதுவாகக் கேட்டார். "இந்த வெள்ளைக்காரன் காயிதத்துல அப்பா பேரு இன்னான்னு போட்டிருக்குது?"

"ஒண்ணும் போடல தாத்தா" என்றாள் தஹ்சீன். "கோடு போட்டிருக்கு."

"அம்மாவுக்கு நிக்கா ஆனது ஊருக்கு வந்து மூணாவது வருஷம்" என்றார் நசீர். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. வாசலில் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் அறிவின் பக்கம் திரும்பினார். "கையெழுத்துப் போட்டா புள்ள அம்மாகிட்ட போய்ச் சேந்துடுமா?"

"தெரியல சின்ன தாத்தா. நிச்சயமில்லன்னுதான் சொல்றாங்க."

"சரி, போடறேன். தவுட்டண்ணன் கொள்ளுப்பேத்திக்குத்தானே, போடாம?" அவர் எழுந்து பேனா தேடினார். தேடிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டார். "இந்தக் காயிதத்த நம்ம ஊர்ல யாரும் பாக்க மாட்டாங்கல்ல?"

நோட்டரி ஆபீஸ் அந்தத் தெருமுனையில்தான் இருக்கிறது. அங்கே எழுத்து வேலை பார்க்கிறவர், வெள்ளிக்கிழமை தோறும் நசீரோடு பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுகிறவர். அறிவுக்கு அது தெரியும். கேட்கிற நசீருக்கும் தெரியும். அவருடைய தாய், அவர் விரல் தொட்ட அந்த ஒரே எழுத்தில், தகப்பன் பேரில்லாத பிள்ளைக்குத் தாயாக இருக்கிறாள். அது இதுவரை ஒரு கப்பல்காரன் எழுதிவிட்டுப்போன தப்பு. இனி மகனே சத்தியம் பண்ணிய உண்மையாகிவிடும். ஒரு பெண் நல்ல மனசோடு மடியை விரித்தாள். அதற்கு இந்தக் கூலியா?

"நோட்டரி முன்னாலதான் போடணும் சின்ன தாத்தா. இன்னொரு நாள் வரேன்" என்று சொல்லி இரண்டாவது காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

சிந்துஜாவிடம், நோட்டரி ஊரில் இல்லை என்றான். அடுத்த வாரம், முகூர்த்த நாளானதால் கூட்டம் ஜாஸ்தி என்றான். எத்தனை நாளைக்கு இப்படி ஓட்ட முடியும்? ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலையில் கடையிலிருந்தே வீடியோ போட்டான். கவிநிலா சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். திரையில் தெரிந்த முகத்தைப் பார்த்து, சொல்லிக்கொடுத்தபடி "ஹாய்" என்றாள்.

"கவி குட்டி, ஸ்கூல்ல மிஸ் இன்னா கேட்டாங்க?" என்றாள் சிந்துஜா.

"உன் பேரு இன்னான்னாங்க. கவிநிலா. அம்மா பேரு இன்னான்னாங்க."

"இன்னா சொன்ன?"

"கஸ்தூரி" என்றது குழந்தை. சந்தேகமே இல்லாமல், சுண்டல் கையால் பின்னால் காட்டிச் சொன்னது.

"ஏய், நான் அத்தைடி! எத்தினி வாட்டி சொல்றது?" என்று கஸ்தூரி பதறிக்கொண்டு ஓடிவந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து, திரையைப் பார்க்காமலே, "நான் சொல்லித் தரல சிந்து, சாமி சத்தியமா நான் சொல்லித் தரல" என்றாள். சிந்துஜா சிரித்தாள். "பரவால்ல அண்ணி, குழந்தைதானே" என்றாள். அப்புறம் படம் திரும்பி, ஒரு சுவரும் ஜன்னலும் மட்டும் ரொம்ப நேரம் தெரிந்தன. அறிவு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அன்றிரவே அவன் முடிவு பண்ணிவிட்டான். நசீரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டியதுதான். செத்துப்போனவர்களின் மானம் பெரிதா, உயிரோடு இருக்கிற பிள்ளை பெரிதா? அவன் சொந்தப் பிள்ளை, அவன் பெண்டாட்டி. ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகிறது. இந்த வாரமே கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று சிந்துஜாவிடமும் சொன்னான்.

அதற்கு வேலையில்லாமல் நசீரே வந்து நின்றார். பௌர்ணமி நாள். காலையிலிருந்தே லாட்ஜ் வாசலில் ஜனக்கூட்டம். அதற்குள் புகுந்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, பெருநாளுக்குக் கிளம்பியவர்போல வந்தார். கூட யாரும் இல்லை. தஹ்சீனுக்குச் சொல்லாமல் வந்திருப்பார்.

"நீ வரலியே நைனா, அதான் நானே வந்தேன். போட்டுட்டு வந்துடலாம். வூட்ல எல்லாம் யோசிச்சிட்டேன்" என்றார். குரல் தெளிவாகத்தான் இருந்தது. கைதான், பட்டன் போட்ட கழுத்துப் பட்டையைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

அறிவு மேசை இழுப்பறையைத் திறந்தான். வாக்குமூலம் மேலேயே இருந்தது. எடுக்க வேண்டியதுதான் பாக்கி. சந்தின் முனைவரை போனால் ஒரு ஆட்டோ, ஆட்டோவில் ஏறினால் நோட்டரி.

"வேணாம் சின்ன தாத்தா" என்றான். தான் சொல்வதைத் தானே கேட்டான். "ரூலை மாத்திட்டாங்களாம். இனிமே அந்தக் காயிதம் தேவையில்லன்னு தசரதன் சொல்லிட்டாரு."

நசீர் அவன் முகத்தைப் பார்த்தார். பொய் என்று கண்டுபிடித்துவிட்டாரா என்பது தெரியவில்லை. "மாத்திட்டாங்களா?" என்றார். நிம்மதியை மறைக்க அவருக்குத் தெரியவில்லை, பாவம். உடனே அதற்கு வெட்கப்பட்டு, "புள்ளக்கி வேற வழி பண்ணுவான் அல்லா" என்றார். போகத் திரும்பியவர் நின்றார். "அப்ப அந்த வெள்ளைக்காரன் காயிதம் உனக்கு வேணாமில்ல? நான் வச்சிக்கட்டுமா? எங்கம்மா பேரு இருக்கிற காயிதம் வூட்ல வேற ஒண்ணுமில்ல."

சிந்துஜா இரண்டு குளிர்காலம் அலைந்து தேடிப் பிடித்த காகிதம் அது. அறிவு அதை உறையோடு எடுத்து அவரிடம் கொடுத்தான். அவர் இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் யார்மேலும் இடித்துவிடாமல் பார்த்துப் பார்த்து நடந்து போனார்.

போன் அடித்தது. சிந்துஜா. காலை ஷிப்ட்டுக்குப் போகும் முன் கேட்டுவிட வேண்டும் என்று அவசரமாக எழுந்திருப்பாள். அவன் எடுத்தான்.

"இன்னாங்க ஆச்சி, போட்டாரா?"

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும், தோளில் தூங்கும் குழந்தையோடு வந்து நின்றார்கள். "அண்ணா, ஒரு ரூம் கிடைக்குமா? குழந்தைக்கு ஜுரம் மாதிரி இருக்குது. ஆதார் எடுத்துக்கினு வரலண்ணா."

"ஹலோ? கேக்குதாங்க? போட்டாரா?"

அறிவுச்செல்வன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, ஆணியில் மிச்சமிருந்த ஒரு சாவியை எடுத்து, அவர்களைப் பார்த்துக் கேட்டான்.

"குழந்தை உங்களோடதுதானே?"